ஆறு நிமிடம் பிந்திய மணிக்கூடுகள்

2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் இருபத்தைந்து நாடுகளில் மணிக்கூடுகள் மெல்ல மெல்லப் பிந்தத் தொடங்கின. எல்லா மணிக்கூடுகளும் அப்படிப் பிந்தவில்லை. கைத்தொலைபேசியில் நேரம் சரியாக இருந்தது. பற்றரியில் ஓடும் சுவர் மணிக்கூடும் ஒழுங்காகவே ஓடியது. மின்செருகியில் மாட்டிய அலாரம், மின்னடுப்பின் முகப்பில் ஒளிரும் எண்கள், வீட்டைச் சூடாக்கும் கருவியின் நேரக் கட்டுப்பாடு போன்றவைதான் நாளுக்குச் சில விநாடிகளாகப் பின்னால் போயின. மார்ச் மாத ஆரம்பத்தில் இந்தப் பிந்தல் ஏறக்குறைய ஆறு நிமிடங்களாகிவிட்டது.

மணிக்கூடு செய்தவர்கள் மீது குற்றமில்லை. நாடுகளுக்கிடையில் நடக்கும் மின்சார ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கில் ஒரு தொகையைத் தன் பெயரில் பதிய யாருமே முன்வராததுதான் காரணம். உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் என்னை இந்தச் செய்தி பிடித்துக்கொண்டதும் அதனால்தான். எங்கள் பேரேட்டில் பதியாமல் விட்ட தொகை, யாராவது தேடும்வரை பேசாமல் கிடக்கும். மின்சாரத்தில் பதியாமல் விட்ட தொகையோ ஊராரின் மணிக்கூடுகளில் வந்து நிற்கிறது.

இது எப்படி நடக்கிறது? எங்கள் வீட்டுக்கு வருவதும் ஐரோப்பிய வீடுகளுக்குப் போவதும் ஆடலோட்டம். அது விநாடிக்கு 50 தடவை திசை மாறி மாறி ஒரு சுற்றை முடிக்கிறது. இந்த எண்ணிக்கையையே பௌதிகவியல் மாணவியர் மீடிறன் என்பார்கள். அளவு 50 ஹேர்ட்ஸ். செருகியில் ஓடும் சில மணிக்கூடுகளுக்குள் நேரம் காட்டுவதற்கென்று வேறு கருவி எதுவும் இல்லை. அவை இந்தச் சுற்றுகளை எண்ணுகின்றன. 50 சுற்று முடிந்தால் ஒரு விநாடி போய்விட்டது என்று முடிவு செய்கின்றன. அவ்வளவுதான்.

அந்த நாட்களில் ஐரோப்பாவின் சராசரி மீடிறன் 49.996 ஹேர்ட்ஸ். 50க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 0.004. இதை யார் பொருட்படுத்துவார்கள்? கணித்துப் பார்ப்போம். 0.004ஐ 50ஆல் வகுத்தால் 0.00008. ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். இரண்டையும் பெருக்கினால் நாளுக்கு 6.9 விநாடி வருகிறது. ஏழு வாரங்களுக்கு 339 விநாடி, அதாவது ஐந்தரை நிமிடத்துக்குச் சற்று மேல். செய்திகளில் வந்த "ஏறக்குறைய ஆறு நிமிடம்" என்பதற்கு அண்மையில் நாம் ஒரு தாளிலேயே வந்துவிட்டோம்.

மீடிறன் ஏன் குறைகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மின்சாரத்தை அரிசி மூடை போலக் களஞ்சியத்தில் பெருமளவில் அடுக்கிவைக்க முடியாது. பாவிக்கும் கணத்திலேயே அதைப் பிறப்பிக்க வேண்டும். ஒரே வலையமைப்பில் இணைந்த மின்பிறப்பாக்கிகள் எல்லாம் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. பாவனை பிறப்பாக்கத்தைவிடச் சற்றுக் கூடினால், கடுகண்ணாவ ஏற்றத்தில் ஆள் நிறைந்த பஸ் வண்டி இழுபடுவதைப் போல அவை எல்லாம் ஒன்றாக வேகம் குறைகின்றன. உடனே பல நாடுகளின் மின்நிலையங்கள் தாமாகவே சிறிது சிறிதாக வலுவைக் கூட்டி வீழ்ச்சியைத் தாங்கிப்பிடிக்கும். இது முதலுதவி மட்டுமே. அடுத்த சில நிமிடங்களுக்குள், பற்றாக்குறை எந்தப் பகுதியில் ஏற்பட்டதோ அந்தப் பகுதியே தன் பிறப்பாக்கத்தைக் கூட்டி மற்றவர்களை விடுவிக்க வேண்டும் என்பது விதி. ஒரு பகுதி அதைச் செய்யாமல் இருந்தால் மற்றவர்கள் தாங்கிக்கொண்டே இருப்பார்கள். மீடிறனும் சற்றுக் குறைந்தபடியே நிற்கும்.

"எந்தப் பகுதி" என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் நேரசூசி. நாடுகள் தமக்குள் மின்சாரம் விற்கும்போது முதல் நாளே எழுதிவைக்கின்றன: நாளை மாலை 6 மணி முதல் 7 மணி வரை நான் உனக்கு 500 மெகாவாற்று அனுப்புவேன் என்று. மறுநாள் எல்லையிலுள்ள மானி 480 என்று காட்டினால், அந்த ஒரு மணித்தியாலத்தில் 20 மெகாவாற்று மணித்தியாலம் குறைவாகப் போயிருக்கிறது. எங்கள் மின்பட்டியலின் மொழியில் அது 20,000 அலகு. எழுதியதற்கும் மானி காட்டியதற்கும் இடையிலான இந்த வித்தியாசமே பிராந்திய மின்சந்தைகளின் தலைவலி.

நேரசூசி எழுதுவதிலேயே பிழை வருவதும் உண்டு. 100 மெகாவாற்று இறக்குமதி என்பதை யாராவது ஏற்றுமதி என்று பதிந்துவிட்டால் பிழை 100 அல்ல, 200. வரவில் எழுத வேண்டியதைச் செலவில் எழுதி மாட்டிக்கொண்ட வர்த்தகப் பிரிவு மாணவியருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஐரோப்பாவில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. கோடைகால நேரம் முடிகின்ற ஒக்டோபர் ஞாயிறன்று ஒரு நாளுக்கு 25 மணித்தியாலங்கள். மார்ச்சில் அது தொடங்கும் ஞாயிறன்று 23 மட்டுமே. அந்த நாட்களில் இரண்டு நிறுவனங்கள் தமது வரிசைகளை ஒரு மணித்தியாலம் தள்ளி எழுதிவிட்டால் இரவு முழுவதும் எதுவும் பொருந்தாது. ஆகவே வாங்குபவரும் விற்பவரும் தனித்தனியாக எண்களை அனுப்புகிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நேரசூசி ஏற்றுக்கொள்ளப்படுகிறது. நாம் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரிக்கும்போது செய்வதும் இதே வேலைதான்.

ஒரு நாட்டின் ஏற்றுமதி இன்னொரு நாட்டின் இறக்குமதி. ஆகவே எல்லா நேரசூசிகளையும் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். எல்லை மானிகளின் எண்களைக் கூட்டினாலும் பூச்சியம் வர வேண்டும். இதிலிருந்து ஒரு விடயம் பிறக்கிறது: ஒரு நாடு எழுதாமல் 100 அலகு கூடுதலாக இழுத்தால், மற்ற நாடுகள் எல்லாம் சேர்ந்து எழுதாமல் 100 அலகு கொடுத்திருக்கின்றன. கடன்பட்டவர் ஒருவர், கடன்கொடுத்தோரோ இருபது பேருக்கும் மேல். அவர்களில் ஒவ்வொருவருக்கும் வர வேண்டியது மிகச் சிறிய தொகை. சிறிய தொகை என்பதால் யாரும் அவசரப்படுவதில்லை. 2018இல் நடந்தது அதுதான்.

கடன்பட்ட பகுதி கொசோவோ. 2008இல் அது சுதந்திரப் பிரகடனம் செய்தது. சேர்பியா அதை ஏற்கவில்லை. அரசியலில் பிரிந்த பின்னும் ஐரோப்பிய மின்கணக்கில் கொசோவோ சேர்பியாவின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள்ளேயே வைத்து எண்ணப்பட்டது. கொசோவோவின் வடக்கில் சேர்பியர் பெரும்பான்மையாக வாழும் நான்கு நகரசபைப் பகுதிகள் உள்ளன. 1999ஆம் ஆண்டு யுத்தத்துக்குப் பிறகு அங்குள்ளோர் கொசோவோ நிறுவனத்துக்கு மின்கட்டணம் செலுத்தவில்லை. அந்தச் செலவு சில காலம் ஏனைய பாவனையாளர்களின் பட்டியலில் ஏற்றப்பட்டது. தெற்கில் மாதாமாதம் கட்டணம் கட்டும் ஒரு தாய், தான் பாவிக்காத மின்சாரத்துக்கும் சேர்த்துக் கட்டினாள் என்பதே இதன் பொருள். 2017இல் அதுவும் நிறுத்தப்பட்டது. பிறகு வடக்கில் பாவிக்கப்படும் மின்சாரத்துக்கு யார் பிறப்பாக்கம் செய்வது, யார் பணம் கொடுப்பது? கொசோவோ தன் பங்கை விட்டுவிட்டது. முழுப் பகுதியின் சமநிலைக்கும் பொறுப்பான சேர்பியாவும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை.

அந்த ஏழு வாரங்களில் இவ்வாறு காணாமற்போன சக்தி 113 கிகாவாற்று மணித்தியாலம் என்று, பிரசல்ஸிலுள்ள ஐரோப்பிய மின்கடத்தல் நிறுவனங்களின் கூட்டமைப்பான என்ட்சோ-ஈ அறிவித்தது. 113 மில்லியன் அலகு. மாதம் 100 அலகு பாவிக்கும் 94 ஆயிரம் வீடுகளுக்கு ஓராண்டு முழுவதும் போதுமான அளவு அது. எந்த வீட்டிலும் விளக்கு அணையவில்லை. எந்தத் தொழிற்சாலையும் நிற்கவில்லை. மணிக்கூடு மட்டும் பிந்தாதிருந்தால் சாதாரண மக்களுக்கு இது தெரிந்தே இருக்காது.

மணிக்கூட்டைச் சரிசெய்வது ஒப்பீட்டளவில் இலகுவான காரியம். சுவிற்சர்லாந்திலுள்ள ஒரு நிலையம் ஐரோப்பிய மின்நேரத்தைக் கண்காணிக்கிறது. மின்நேரம் உண்மையான நேரத்திலிருந்து 20 விநாடிக்கு மேல் விலகினால், எல்லா நாடுகளும் 50க்குப் பதிலாக 50.010 அல்லது 49.990 ஹேர்ட்ஸை இலக்காக வைக்கும்படி அது அறிவிக்கும். 50.010இல் ஓடினால் நாளுக்கு 17 விநாடி மீளக் கிடைக்கும். ஆனால் பள்ளத்தை நிரப்ப நிரப்ப ஒருவர் தோண்டிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? மார்ச் முதல் வாரத்தில் கொசோவோப் பக்கத்து இழுவை நின்ற பிறகுதான் திருத்தம் பலித்தது. ஏப்ரல் ஆரம்பத்தில் மணிக்கூடுகள் மீண்டும் சரியான நேரத்துக்கு வந்தன.

இந்த இடத்தில்தான் பலர் செய்தியை மூடிவிடுகிறார்கள். நேரம் சரியாகிவிட்டது, பிரச்சினை முடிந்தது என்று. கணக்கீட்டுக் கண்ணால் பார்த்தால் அப்படியல்ல. மணிக்கூட்டை முன்னுக்குக் கொண்டுவரச் செலவான கூடுதல் மின்சாரத்தை எல்லா நாடுகளும் சேர்ந்து பிறப்பித்தன. அதாவது கடன்கொடுத்தவர்களே இன்னொரு தடவையும் கொடுத்தார்கள். பரீட்சை மீதி சமப்படாதபோது வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போட்டு இரு பக்கத்தையும் சமப்படுத்துகிறோமே, அதைப் போன்றது இது. மொத்தம் சமமாகத் தெரியும். பிழை அப்படியே இருக்கும். கடன் யாருடையது என்ற கேள்வியை என்ட்சோ-ஈயே தொழில்நுட்பத்துக்கு அப்பாற்பட்ட அரசியல் பிரச்சினை என்றுதான் பார்த்தது. 2020 டிசம்பரில் கொசோவோ தனிக் கட்டுப்பாட்டுப் பகுதியாகி அல்பேனியாவோடு சேர்ந்து இயங்கத் தொடங்கியது. அதன் பின்னர் கொசோவோவின் பற்றாக்குறையை அதன் சொந்தப் பெயரிலேயே எழுத முடிகிறது.

எழுதிய கடனை எப்படித் தீர்ப்பது என்பதும் சிக்கலானதே. ஐரோப்பியர் நீண்ட காலம் அதைப் பண்டமாகவே தீர்த்தார்கள். ஒரு வாரத்தில் கூடுதலாக இழுத்த மின்சாரத்தை அடுத்த வாரத்தில் மின்சாரமாகவே திருப்பிக் கொடுப்பது. அயல்வீட்டுக்காரரிடையே நடக்கும் இரவல் போல. ஆனால் இரவலில் என்ன நடக்கிறது என்று நம் உம்மாமாருக்கு நன்றாகத் தெரியும். பெருநாளுக்கு முதல் நாள் இரவு, கடையில் முட்டை முடிந்துவிட்ட நேரத்தில், பக்கத்து வீட்டு மாமியிடம் பத்து முட்டை வாங்குகிறோம். பத்து நாள் கழித்து விலை இறங்கிய பின் பத்து முட்டை திருப்பிக் கொடுக்கிறோம். எண்ணிக்கை சரி. மாமி ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனாலும் அவர் கொடுத்த பத்தும் நாம் கொடுத்த பத்தும் ஒன்றா? மின்சாரத்துக்கு இது இன்னும் பொருந்தும். மாலை 7 மணிக்கு ஓர் அலகைப் பிறப்பிக்க விலை கூடிய எரிபொருள் தேவைப்படலாம். அதிகாலை 3 மணிக்கு அதே அலகு மலிவு. ஐரோப்பிய விதியில் உச்ச நேரக் கடனை உச்ச நேர வகுப்பிலேயே திருப்ப வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது, நல்ல ஏற்பாடுதான். இருந்தும் ஒரே வகுப்புக்குள் விலை ஏறி இறங்குவதை அதனால் பிடிக்க முடியவில்லை. 2021 முதல் ஐரோப்பியப் பெருநிலப் பகுதியின் நாடுகள் இந்த வித்தியாசங்களைப் பணமாகத் தீர்க்கின்றன.

பணமாக மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இந்தியாவின் அனுபவம் இங்கே படிக்கத்தக்கது. அங்கே நாள் 96 பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. 2002, 2003 ஆண்டுகளில் ஒரு புதிய முறை வந்தது. நேரசூசிக்கு மேலாக ஒரு மாநிலம் இழுத்த மின்சாரத்துக்கு நிலையான விலை இருக்கவில்லை. அந்த நேரத்து மீடிறனே விலையைத் தீர்மானித்தது. மீடிறன் குறைந்தால் விலை ஏறும், கூடினால் இறங்கும். என் பார்வையில் இது மிக அழகான யோசனை. தட்டுப்பாடான வேளையில் இழுப்பவர் கூடக் கொடுக்கிறார். அதே வேளையில் உதவுபவருக்குக் கூடக் கிடைக்கிறது. விலையைப் பார்க்கச் சந்தைக்குப் போக வேண்டியதில்லை, செருகியில் ஒரு மீடிறன் மானியை மாட்டினாலே போதும். இந்திய வலையமைப்பின் மீடிறன் இந்த முறைக்குப் பின்னர் கணிசமாகச் சீரடைந்தது.

ஆனால் விலை போட்டதும் சிலர் அதை அனுமதிச்சீட்டாக எடுத்துக்கொண்டார்கள். காசு கொடுக்கிறோம், எனவே இழுக்கலாம் என்று. 2012 ஜூலை 30ஆம், 31ஆம் திகதிகளில் வட இந்திய வலையமைப்பு அடுத்தடுத்து இரு தடவை வீழ்ந்தது. இரண்டாம் நாள் பாதிக்கப்பட்ட பகுதிகளில் வாழ்ந்தோர் 60 கோடிக்கும் மேல். பல கம்பிகள் பழுதுபார்ப்புக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்த வேளையில், சில மாநிலங்கள் நேரசூசிக்கு மேலாக இழுத்ததும் காரணங்களுள் ஒன்று என விசாரணையில் சொல்லப்பட்டது. மீடிறன் தட்டுப்பாட்டைச் சொல்லும். எந்தக் கம்பி தாங்க முடியாமல் சூடேறுகிறது என்பதைச் சொல்லாது. 2014இல் விதி மாறியது. விலை கொடுத்தாலும், நேரசூசியின் 12 சதவீதம் அல்லது 150 மெகாவாற்று, இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் விலகக் கூடாது என்று எல்லை போடப்பட்டது.

பரீட்சை மீதியால் வெளிக்காட்டப்படாத வழுக்கள் என்று எங்கள் பாடத்தில் ஒரு பகுதி வருகிறது. பிழை இருக்கும், ஆனால் கூட்டுத்தொகை சமப்படும். மின்சாரத்திலும் அத்தகைய பிழை உண்டு. 2019 ஜனவரி 10ஆம் திகதி இரவு 9 மணிக்கு ஐரோப்பிய மீடிறன் 49.8 ஹேர்ட்ஸ் வரை இறங்கியது. மணிக்கூட்டுப் பிரச்சினையைவிட இது பயங்கரமானது, ஏனெனில் இறக்கம் சில நிமிடங்களில் நடந்தது. பிரான்சில் முன்கூட்டியே இதற்காக ஒப்பந்தம் செய்திருந்த பெருந்தொழிற்சாலைகளின் மின்சாரத்தை நிறுத்தித்தான் நிலைமை மீட்கப்பட்டது. காரணம் தேடியபோது இரண்டு விடயங்கள் தெரியவந்தன. ஒன்று, அப்போது சந்தை நேரசூசிகள் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் மாறியதால் சரியாக மணி அடிக்கும்போது பல மின்நிலையங்கள் ஒரே நேரத்தில் ஏறி இறங்கின. மற்றது, ஜேர்மனிக்கும் ஒஸ்திரியாவுக்கும் இடையிலுள்ள சில கம்பிகளின் அளவீடுகள் முதல் நாளிலிருந்தே உறைந்து, பழைய எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தன. கம்பியில் ஓடியது மாறிக்கொண்டிருக்க, கட்டுப்பாட்டறையில் எண் மட்டும் அசையாமல் நின்றது. அதை உண்மை என்று நம்பிய தானியங்கிக் கருவிகள் தமது கணக்கைச் சரியாகத்தான் செய்தன.

எங்கள் நாட்டுக்கு இதுவரை இந்தத் தலைவலி இல்லை. இலங்கையின் வலையமைப்பு தனித்தது. ஏற்றுமதியும் இல்லை, இறக்குமதியும் இல்லை. இது நிம்மதியா என்றால், பாதி நிம்மதிதான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் போனது நினைவிருக்கும். அந்த நேரத்தில் தாங்கிப்பிடிக்க எங்களுக்கு அயல்வீடு இல்லை. ஐரோப்பாவில் 113 மில்லியன் அலகு காணாமற்போய் மணிக்கூடு மட்டும் பிந்தியது என்றால், அது இருபத்தைந்து வீடுகள் தோள் கொடுத்ததால்தான்.

2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் இரு நாட்டு வலையமைப்புகளை இணைத்து மின்சாரத்தை ஏற்றுமதி, இறக்குமதி செய்வதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அதில் சொல்லப்படுவது உயரழுத்த நேரோட்ட இணைப்பு. ஆடலோட்டக் கம்பியைப் போல் நேரோட்டம் மீடிறனைக் கடத்தாது. எனவே இந்தியப் பக்கத்தில் மீடிறன் சற்றுக் குறைந்தாலும் எங்கள் வீட்டு மணிக்கூடு அதனால் பிந்தாது. இரு கரையிலுள்ள மாற்று நிலையங்களில் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று கட்டளையிடப்படுகிறதோ அவ்வளவே போகும். ஆனால் அந்தக் கட்டளை நேரசூசியிலிருந்தே பிறக்கும். அதில் ஒரு குறி மாறினால், ஓர் எண் தவறினால், அல்லது அனுப்புவதாகச் சொன்ன நேரத்தில் எங்கள் மின்நிலையம் ஒன்று பழுதானால், வித்தியாசம் 15 நிமிடத் துண்டுகளாக ஏதோ ஒரு பெயரில் பதியப்படும். அதற்கு எந்த நாட்டு விலை, எந்த நாணயம், உச்ச எல்லை எவ்வளவு, மாத முடிவில் யாருடைய மானி இறுதியானது என்பவையெல்லாம் கம்பி இழுப்பதற்கு முன்னரே எழுதிக்கொள்ள வேண்டியவை. அந்தத் தொகை கடைசியில் வந்து சேரும் இடம் எங்கள் வீட்டு மின்பட்டியல்.